1,365 கிலோமீட்டர் மைதானம்

கல்கூர்லி, மேற்கு ஆஸ்திரேலியா
செப்டம்பர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் நேற்று சாயங்காலம் கல்கூர்லி வந்து சேர்ந்தோம். கேரவனை பார்க்கில் நிறுத்தி, கரண்டு ஒயரை மாட்டி, வழியெல்லாம் சேர்ந்த செம்மண் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டாகிவிட்டது. போனில் பேசும்போதெல்லாம் "அந்தப் பொட்டல் காட்டில் என்னம்மா இருக்கு, எதுக்குப் போறீங்க?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சிக்னல் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதை நம் வீட்டில் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான் என்பது இன்னொரு காரணம். கோல்ஃப் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரோடு தெரியும்.

நாங்கள் வந்த வழியில் பெரும்பகுதிக்கு ஐயர் ஹைவே என்று பெயர். 1841-ல் எட்வர்ட் ஜான் ஐயர் என்ற வெள்ளைக்காரர் இந்தக் கடலோரமாகவே மேற்கே நடந்து போனார். கூடப் போனவர்களில் கடைசிவரை அவரை விட்டுப் பிரியாதவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். தண்ணீர் இல்லாத நிலம். மணல்மேட்டில் எங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும் என்று அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு கிடைத்திராவிட்டால் ஐயர் பிழைத்திருக்க மாட்டார். அதே வழியில் இன்று தார் ரோடு இருக்கிறது. முழுவதும் தார் போட்டு முடித்தது 1976-ல்தான்.

இந்த ரோட்டில்தான் நாங்கள் ஆட வந்த கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ரோட்டின் ஓரத்தில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. ரோடு முழுக்கவே மைதானம். தெற்கு ஆஸ்திரேலியாவில் செடூனா என்கிற கடற்கரை ஊரில் முதல் குழி. கடைசிக் குழி இந்தக் கல்கூர்லியில். நடுவில் ஒவ்வொரு சின்ன ஊரிலும் ஒவ்வொரு பெட்ரோல் பங்க் பக்கத்திலும் ஒரு குழி. ஆக மொத்தம் 18 குழி, 1,365 கிலோமீட்டர். நல்லர்பார் லிங்க்ஸ் என்று பெயர். உலகத்திலேயே நீளமான கோல்ஃப் மைதானம் என்று சொல்கிறார்கள். நம் கணக்குக்குச் சொன்னால், கன்னியாகுமரியில் ஒரு பந்தை அடித்துவிட்டு வண்டி ஏறி, சென்னையையும் தாண்டி ஆந்திராவுக்குள் வெகுதூரம் போய்க் கடைசிப் பந்தைக் குழியில் போடுவது.

இதை ஏன் செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஆல்ஃப் கபுட்டோ, பாப் பாஞ்ஜியோர்னோ என்று இருவர். பாஞ்ஜியோர்னோ இதே ரோட்டில் பாலடோனியா என்கிற இடத்தில் ரோட்ஹவுஸ் நடத்தியவர். ரோட்ஹவுஸ் என்றால் பெட்ரோல், சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அதைத் தவிர ஊர் என்று ஒன்றும் அங்கே கிடையாது. வருகிறவர்கள் டீசல் போட்டுக்கொண்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு, முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்காமல் பறக்கிறார்கள். எப்படியாவது இந்தப் பாலையைக் கடந்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. விடாமல் ஓட்டி, கண் சொக்கி, நேர் ரோட்டிலேயே வண்டியைக் கவிழ்க்கிறார்கள். இறங்கி ஓய்வெடுங்கள் என்று எத்தனை போர்டு வைத்தாலும் யாரும் இறங்குவதில்லை. இறங்குவதற்கு ஒரு காரணம் இருந்தால்? நூறு கிலோமீட்டருக்கு ஒரு குழி இருந்தால்? அப்படி யோசித்து, பணம் திரட்டி, 2009-ல் திறந்தார்கள்.

இந்தக் கதையைப் படித்ததும் எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டின காலத்தில் விடிகாலை மூன்று மணிதான் எமன் என்பீர்கள். விழுப்புரம் தாண்டி ஒரு டீக்கடை, தொழுதூரில் ஒன்று, முகத்தில் தண்ணீர், வாயில் வெற்றிலை, பக்கத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரும் கண்டக்டர். நீங்கள் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அம்மா பாயில் உட்கார்ந்தே இருப்பாள். படுக்க மாட்டாள். அந்த டீக்கடைகள் தானாக முளைத்தவை. இங்கே டீக்கடை வைக்க ஆளும் இல்லை, குடிக்க ஆளும் இல்லை. அதனால் யோசித்து ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. ஓட்டுகிறவன் உயிர் முக்கியம் என்று நினைத்த யாரோ இதைச் செய்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருக்கிறது.

நம் பக்கத்தில் கோல்ஃப் என்றால் ஊட்டியும் கொடைக்கானலும், கிளப்பும், வாசலில் நிற்கிற காவலாளியும்தான். கொடைக்கானல் கிளப் 1895-ல் ஆரம்பித்தது. அந்தப் பச்சைப் புல்லை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இங்கே வந்த பிறகு நகராட்சி மைதானங்களில் கொஞ்சம் காசு கட்டி யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று தெரிந்தது. இவர் முதலில் போனார், பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்குப் பிடித்துவிட்டது. விதி ரொம்ப எளிது. ஒரு மட்டை, ஒரு பந்து, தூரத்தில் கொடி நட்ட ஒரு சின்னக் குழி. எத்தனை அடியில் உள்ளே போடுகிறோம் என்பதுதான் கணக்கு. நன்றாக ஆடுகிறவருக்கு ஒரு குழிக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு எண் வைத்திருப்பார்கள், அதற்குப் பார் என்று பெயர். இந்த மைதானத்துக்கு மொத்தம் 72.

செடூனாவில் மதிப்பெண் அட்டை வாங்கிக்கொண்டோம். ஒவ்வொரு குழியும் ஆடிய பிறகு அதில் முத்திரை குத்தித் தருவார்கள். முதல் இரண்டு குழியும் ஊர் மைதானத்திலேயே. அடுத்து பெனாங் என்ற ஊரில் பெரிய பெரிய காற்றாலைகள். நிலத்தடித் தண்ணீரை இறைக்கிற பழைய காலத்துத் தகரச் சிறகுக் காற்றாலைகளைச் சேகரித்து ஒரு திடலில் நிறுத்தியிருக்கிறார்கள். நண்ட்ரூவில் வாம்பட் வளைகளுக்கு நடுவே ஆட்டம். வாம்பட் என்பது குட்டையான, கொழுத்த, மண்ணைக் குடைகிற மிருகம். பகலில் அதிகம் வெளியே வராது. வளை மட்டும் தெரியும், ஒரு சின்னப் பிள்ளை நுழைகிற அளவுக்கு.

நல்லர்பார் ரோட்ஹவுஸில் இருக்கிற ஐந்தாவது குழியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு டிங்கோ வளை என்று பெயர். டிங்கோ இந்த நாட்டுக் காட்டு நாய். இந்த இடத்தில்தான் ரோடு உண்மையிலேயே மரமே இல்லாத சமவெளிக்குள் போகிறது. நல்லர்பார் முழுவதும் மொட்டை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரோட்டில் போகிறவருக்கு அந்த மொட்டைப் பகுதி கொஞ்ச தூரம்தான். மற்ற இடமெல்லாம் குட்டை மரமும் புதரும் இருக்கிறது. ஆனால் இங்கே ஒன்றுமில்லை. சுற்றிலும் வானம் நேராகத் தரையில் இறங்குகிறது. தரை சுண்ணாம்புக்கல். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் உப்புப்புதர். கடல் தெரியாது, ஆனால் தெற்கிலிருந்து அடிக்கிற காற்றில் உப்பு நாக்கில் படும்.

அடிக்கிற இடத்தில் செயற்கைப் புல் விரிப்பு ஒன்று. தூரத்தில், கொடி இருக்கிற இடத்தில், அதே மாதிரி இன்னொரு பச்சைத் துண்டு, வெயிலில் வெளுத்துப்போய். இரண்டுக்கும் நடுவில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. நிலம் எப்படி இருந்ததோ அப்படியே. இவர் ஆரஞ்சு நிறப் பந்தைத்தான் எடுத்தார், வெள்ளைப் பந்து சுண்ணாம்புக்கல்லோடு கலந்துவிடும். அடித்த பந்து நன்றாகத்தான் போனது. தரையில் ஒரு கல்லின் விளிம்பில் பட்டு, சடாரென்று பக்கவாட்டில் எகிறியது. புதருக்குள் கையை விடக்கூடாது, வெயில் ஏறத் தொடங்கினால் பழுப்புப் பாம்பு வெளியே வரும். மட்டையால் புதரை விலக்கிப் பார்த்துத்தான் பந்தை எடுக்க வேண்டும். காக்கைகள் வேறு மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கின்றன. இந்த ரோட்டில் காக்கை பந்தைக் கவ்விக்கொண்டு போவது பிரசித்தம்.

நாங்கள் ஆடுவதை ஒரு டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ரோடு டிரெயின் பக்கத்தில் நின்றிருந்தது. ஒரு இன்ஜினுக்குப் பின்னால் இரண்டு பெரிய டிரெய்லர், 36.5 மீட்டர் நீளம்வரை இந்த ரோட்டில் விடுகிறார்கள். நம் ஊர் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. அந்த டிரைவருக்கு வயது உங்களைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கையில் இறைச்சி அடைத்த பலகாரம், காகிதக் கோப்பையில் காபி. "ஒரு அடி அடிக்கலாமா?" என்று கேட்டார். இவர் மட்டையைக் கொடுத்தார். காபியைத் தரையில் வைத்துவிட்டு, செருப்புக் காலோடு நின்று ஓங்கி ஒரே அடி. பந்து போன இடம் தெரியவில்லை. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தேடிப் பார்க்கக்கூட இல்லை.

எங்கள் அண்ணனும் டிரைவர்தான், ராத்திரி பஸ் ஓட்டியவர் என்று சொன்னேன். உடனே முகம் மாறியது. எத்தனை மணி நேரம், எத்தனை ஆள், ரோடு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாடு குறுக்கே வரும் என்றேன், இங்கே கங்காரு, ஒட்டகம் என்றார். பிறகு நீங்கள் சொல்வதையே சொன்னார் அண்ணா: தூக்கம் வந்த பிறகு வண்டியை நிறுத்துவது நேரம் கடந்த வேலை, வருவதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். கிளம்பும்போது ஒவ்வொரு டயரையும் ஒரு கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே போனார். நீங்கள் செய்வது போலவே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரேடியோவில் 40-ஆம் சேனலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். லாரிக்காரர்கள் எல்லோரும் அதில்தான் பேசுகிறார்கள். அதன் பிறகு எங்களுக்குப் பின்னால் ரோடு டிரெயின் வந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்ள முடிந்தது. நாம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் அவர் தாண்டுவார், கேரவனை முழுசாகக் கடந்துவிட்டார் என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் இடதுபக்கம் வருவார். தாண்டும்போது காற்று கேரவனை ஒரு இழு இழுக்கும். முன்பே தெரிந்திருந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல் வளைகிற இடத்தில் திமிங்கலம் பார்த்தோம். ஜூன் முதல் அக்டோபர் வரை குட்டி போட வருகின்றன. செங்குத்தான பாறை விளிம்பில் நின்று பார்த்தால் கீழே தாயும் குட்டியும் அசையாமல் மிதக்கின்றன. அதைப் பற்றி அண்ணிக்குத் தனியாக எழுதுகிறேன், படமும் அனுப்புகிறேன்.

மாநில எல்லையில் சோதனை. பச்சைக் காய், பழம், தேன், விதை எதுவும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போகக் கூடாது, அவர்கள் விவசாயத்துக்கு நோய் வந்துவிடும் என்று கேரவன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிறார்கள். முந்தின நாள் ராத்திரியே இருந்த முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட் எல்லாவற்றையும் போட்டு ஒரு சாம்பார் வைத்தேன். கறிவேப்பிலைக் கொத்து முழுவதையும் அன்றைக்கே தாளித்தாயிற்று. எல்லை தாண்டினதும் கடிகாரத்தில் இன்னொரு விசித்திரம். யூக்லாவிலும் அதை அடுத்த சில ரோட்ஹவுஸ்களிலும் பெர்த் நேரத்தைவிட 45 நிமிடம் கூட்டி வைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி இல்லை, அவர்களாக வைத்துக்கொண்டது. அங்கே இருந்தபோது உங்களுக்கும் எங்களுக்கும் சரியாக 3 மணி 15 நிமிட வித்தியாசம்.

மதுரா என்று ஒரு இடத்தில் ஒன்பதாவது குழி. அங்கே 1876 முதல் ஆங்கிலேயரின் இந்தியப் படைக்காகக் குதிரை வளர்த்தார்களாம். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியக் குதிரைகள் கப்பல் ஏறி மதராஸ் துறைமுகத்திலும் வந்து இறங்கியதுண்டு. மேலே மலைக்கணவாய், கீழே விரிந்த சமவெளி. எனக்கு அந்த இடத்தைவிட்டு வர மனமில்லை.

கைகூனாவிலிருந்து பாலடோனியா போகும் வழியில்தான் தொண்ணூறு மைல் நேர்ரோடு. 146.6 கிலோமீட்டர், ஒரு வளைவு இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. அந்த ரோட்டில் போனபோதுதான் மைதானத்தைத் தொடங்கிய அந்த இருவரின் யோசனை எவ்வளவு சரி என்று உடம்புக்குப் புரிந்தது. முக்கால் மணி நேரத்தில் கண்ணுக்கு முன்னால் எதுவும் நகரவில்லை என்று தோன்ற ஆரம்பிக்கிறது. தூரத்தில் ரோடு பளபளவென்று தண்ணீராகத் தெரியும், கிட்டே போனால் காய்ந்த தார். இவர் ஓட்டும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன், நான் ஓட்டும்போது இவர். பேச வேறு ஒன்றும் இல்லாவிட்டாலும் பேச விளையாட்டு இருந்தது. போன குழியில் அந்த அடியை இடதுபக்கம் திருப்பியிருக்கலாமே, அடுத்த குழி எப்படி இருக்கும், இப்படியே. வழியில் சில இடங்களில் ரோட்டின் மேலேயே விமானம் இறங்கக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் ரோட்டை மறித்துவிட்டு, பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அங்கேயே இறங்கும். 1928 முதல் நடக்கிற சேவை அது. ரோட்டில் விமானம் இறங்கும் என்று சொன்னால் உங்கள் பிள்ளை செந்தில் நம்புவானா என்று கேளுங்கள்.

பாலடோனியாவில் பன்னிரண்டாவது குழி. பெயர் ஸ்கைலாப். ஞாபகம் வருகிறதா அண்ணா? 1979 ஜூலை. அமெரிக்காவின் விண்வெளி நிலையம் ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று நம் தெருவே தூங்காமல் கிடந்ததே. சாகிறதுதான் சாகிறோம், ஆட்டை அடித்துச் சாப்பிட்டுவிட்டுச் சாவோம் என்று எதிர்வீட்டில் பேசியது, அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது, நீங்கள் என்னைக் கிணற்றடி மாட்டுக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் இங்கே விழாது என்று சொன்னது. அந்த ஸ்கைலாப் விழுந்த இடம் இதுதான்! எஸ்பரன்ஸ் ஊரிலிருந்து பாலடோனியா வரை துண்டு துண்டாகச் சிதறியது. ரோட்ஹவுஸுக்குள் ஒரு சின்னக் காட்சிக்கூடம் இருக்கிறது. விழுந்த துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கருகிப்போன உலோகம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்மை அந்த வயசில் நடுங்க வைத்தது இவ்வளவுதானா என்று தோன்றவில்லை. நம் மாட்டுக் கொட்டகையும் இந்த மண்ணும் ஒரே ராத்திரியில் ஒரே பயத்தைப் பார்த்தன என்றுதான் தோன்றியது. பொது இடத்தில் குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் நகராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. அமெரிக்காவில் ஒரு ரேடியோக்காரர் நேயர்களிடம் பணம் வசூலித்து 2009-ல்தான் அதைக் கட்டினார். இந்த மைதானம் திறந்த அதே வருஷம்.

அதற்குப் பிறகு காடு. உலர்ந்த காடு, ஆனால் மரம். செம்பு நிறத்தில் பளபளக்கும் அடிமரம் உள்ள யூகலிப்டஸ் வகைகள், மணிக்கணக்காக. நார்ஸ்மன் ஊரில் ஒரு குழிக்கு ங்காஜு என்று அந்த மண்ணின் மக்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொரு குழிக்குத் தங்கக் குதிரை என்று பெயர். நார்ஸ்மன் என்பது ஒரு குதிரையின் பெயர், 1894-ல் அது குளம்பால் மண்ணைக் கிளறித் தங்கக்கட்டியைக் காட்டியது என்பது ஊர்க்கதை.

கல்கூர்லி மைதானம் பச்சைப் புல். இத்தனை தூரம் கல்லிலும் புதரிலும் ஆடிவிட்டு அந்தப் புல்லில் கால் வைத்தபோது காலணியைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் 1903-ல் பெர்த் பக்கத்து மலையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் இந்த ஊருக்கு வந்தது. அந்தக் குழாயைத் திட்டமிட்ட சி. ஒய். ஓ'கானர் தண்ணீர் வருவதைப் பார்க்காமலேயே முந்தின வருஷம் உயிரை விட்டார். அவர் பெயரிலும் ஒரு குழி உண்டு. அதை ஆடும்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. முத்திரை எல்லாம் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். இவருடைய மதிப்பெண்ணை இவரே உங்களுக்குப் போனில் சொல்வார், சொல்லாமல் விடமாட்டார். என் அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முத்திரையும் ஒரு இடம், வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள்.

செந்தில் இன்னும் விஜயவாடா லைனில்தான் ஓடுகிறானா? ஓனர் விரட்டுகிறார் என்று இரண்டு ராத்திரி சேர்த்து ஓட்டுவதாக அண்ணி சொன்னாள். நீங்கள் சொன்னால் கேட்பான், நான் சொன்னால் அத்தைக்கு என்ன தெரியும் என்பான். அந்த டிரைவர் சொன்னதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் பாஸ்போர்ட் தேதி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்த மாதமே புதுப்பிக்கக் கொடுங்கள், அண்ணியுடையதையும் சேர்த்து. வருகிற ஆகஸ்டில் நீங்கள் வந்தால் நாலு பேருமாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, கல்கூர்லியில் ஆரம்பித்துச் செடூனா வரை போகலாம். திமிங்கலமும் அப்போது இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. கேரவனில் இரண்டு பேருக்குத்தான் படுக்கை, அதனால் ரோட்ஹவுஸில் உங்களுக்கு அறை போட்டுவிடுகிறேன். முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும். தேதி முடிவானதும் எழுதுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உங்கள் அன்புத் தங்கை,
மீனா